ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த ஷார்ட்கட் வைரஸ்: வீட்டுக் கணினியை எப்படிக் காப்பது?

பாளை ஓய்வாசிரியர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வீட்டில் இருப்பது 2016-இல் வாங்கிய மேசைக் கணினி. ஆறாம் தலைமுறை இன்டெல் செயலியும் விண்டோஸ் 10-உம் கொண்டது. பதினைந்து ஆண்டுக் குடும்பப் படங்கள், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன், ஓய்வூதியத் தாள்கள், எங்கள் வட்டாரத்துப் பெரியவர்கள் பாடக் கேட்டு நான் பதிவு செய்து தட்டச்சிட்டு வைத்திருக்கும் தாலாட்டுகளும் நடவுப் பாடல்களும் என எல்லாமே அந்த ஒரு கணினியில்தான் இருக்கின்றன. பாடியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை.

சென்ற வாரம் வில்லங்கச் சான்றிதழ் ஒன்றை அச்செடுப்பதற்காகப் பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வீடு திரும்பி அதைக் கணினியில் செருகியபோது, அதிலிருந்த ஒவ்வொரு ஃபோல்டரின் படத்திலும் இடது கீழ் மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறி ஒன்று தெரிந்தது. அளவைப் பார்த்தால் எல்லாமே ஒன்றிரண்டு கேபிதான். ஆனால் சொடுக்கினால் ஃபோல்டர் வழக்கம்போலத் திறந்தது, உள்ளே கோப்புகளும் இருந்தன. ஆகவே நான் அதைப் பொருட்படுத்தவில்லை. மறுநாள் என் மகள் தன் பென் டிரைவைச் செருகினாள். சிறிது நேரத்தில் அதிலிருந்த ஃபோல்டர்களுக்கும் அதே அம்புக்குறி வந்துவிட்டது. அப்போதுதான் வைரஸ் என் கணினிக்குள் குடியேறிவிட்டது என்று புரிந்தது.

எனக்கு மூன்று ஐயங்கள். பென் டிரைவில் இருந்த கோப்புகள் போனது போனதுதானா? பணம் கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கினால் இனி இப்படி நேராமல் இருக்குமா? விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, கணினியையே மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார், அது உண்மைதானா? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மதுரை சர்வீஸ் நண்பர்

ஐயா, வணக்கம். வீட்டுக் கணினிகளைப் பழுது பார்ப்பதே என் தொழில். நீங்கள் சொல்லும் அறிகுறிகளோடு மாதத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்கள். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது. அந்தப் பென் டிரைவிலேயே மறைந்து கிடக்கும். ஆகவே இன்னும் ஃபார்மட் செய்யவில்லை என்றால் செய்யாதீர்கள்.

இந்த வைரஸ் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் உண்மையான ஃபோல்டர்களை, விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை மறைத்து வைக்கும் அதே முறையில் மறைத்துவிடும். பிறகு ஒவ்வொன்றின் பெயரிலும், ஃபோல்டர் போன்ற படத்தோடும் ஒரு ஷார்ட்கட்டை உருவாக்கி வைக்கும். நீங்கள் அதைச் சொடுக்கும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன: முதலில் பென் டிரைவில் ஒளிந்திருக்கும் வைரஸ் இயங்கித் தன்னைக் கணினிக்குள் நகலெடுத்துக்கொள்கிறது; அடுத்த கணமே, உங்களுக்கு ஐயம் வராதிருக்க, உண்மையான ஃபோல்டரையும் அதுவே திறந்து காட்டுகிறது. நீங்கள் ஏமாந்தது உங்கள் தவறு அன்று. ஏமாற வேண்டும் என்பதற்காகவே அது அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

அந்த ஷார்ட்கட்டைச் சொடுக்காமல், அதன்மேல் வலது சொடுக்குச் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'டார்கெட்' என்ற பெட்டியைப் பாருங்கள். சரியான ஷார்ட்கட்டாக இருந்தால் அங்கே ஃபோல்டரின் முகவரி மட்டும் இருக்கும். இதில் 'சிஎம்டி' என்றோ 'டபிள்யூஸ்கிரிப்ட்' என்றோ தொடங்கும் நீளமான கட்டளை வரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் உறுதி.

ஒரு காலத்தில் இதற்குச் சொடுக்கவே தேவையில்லை. பென் டிரைவைச் செருகிய மாத்திரத்தில் 'ஆட்டோரன்' வசதி வழியாக வைரஸ் தானாக ஓடத் தொடங்கிவிடும். 2008-இன் இறுதியில் கிளம்பிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ் பரவியதில் அந்த வழிக்கும் பங்கு உண்டு. விண்டோஸ் 7-இல் பென் டிரைவுகளுக்கு அந்த வசதி நிறுத்தப்பட்டது. 2011-இல் வந்த அப்டேட் மூலம் எக்ஸ்பி, விஸ்டா கணினிகளிலும் அது அடைபட்டது. தானாக ஓட முடியாமல் போன பிறகுதான், மனிதரின் விரலைக் கொண்டே தன்னை ஓட வைக்கும் இந்த ஷார்ட்கட் தந்திரம் பெருகியது.

இப்போது செய்ய வேண்டியது. வரிசை முக்கியம்: கணினியைச் சுத்தம் செய்த பிறகுதான் பென் டிரைவைத் தொட வேண்டும். பலரும் பென் டிரைவை ஃபார்மட் செய்து, அதே நோயுற்ற கணினியில் மறுபடி செருகி, மறுபடி ஷார்ட்கட் வந்துவிட்டது என்று என்னிடம் கொண்டு வருகிறார்கள். எல்லாப் பென் டிரைவுகளையும் கழற்றிவிட்டு, 'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' பகுதியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' சென்று, முதலில் ஃபுல் ஸ்கேன் ஓட விடுங்கள். பழைய கணினியில் சில மணி நேரம் ஆகலாம். அதன் பின் அதே பக்கத்தில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுமையாக எழுந்திருப்பதற்கு முன்பே சோதனை நடக்கும். வைரஸும் அந்த நேரத்தில் விழித்திருக்காது என்பதால், சாதாரண ஸ்கேனுக்குச் சிக்காமல் நழுவுபவை இதில் பிடிபடுகின்றன. முடிந்ததும் 'டாஸ்க் மேனேஜர்' திறந்து 'ஸ்டார்ட்அப்' பகுதியில் பெயர் விளங்காத ஏதேனும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கணினி சுத்தமான பிறகு பென் டிரைவைச் செருகி, எதையும் திறக்காமல், வலது சொடுக்குச் செய்து ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'வியூ' பகுதிக்குச் சென்று, மறைந்த கோப்புகளைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்து, இயங்குதளக் கோப்புகளை மறை என்பதற்கு எதிரே உள்ள குறியை நீக்கினால் உங்கள் ஃபோல்டர்கள் மங்கலான நிறத்தில் தெரியும். சில வகை வைரஸ்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி வைத்திருக்கும். வெற்றிடமாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாமல் அதையும் திறந்து பாருங்கள். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் கணினிக்கு நகலெடுங்கள். ஷார்ட்கட், ஸ்கிரிப்ட், 'இஎக்ஸ்இ' என்று முடியும் எதையும் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகு பென் டிரைவை ஃபார்மட் செய்துவிட்டு, மாற்றிய அமைப்புகளைப் பழையபடி வைத்துவிடுங்கள். மகளின் பென் டிரைவுக்கும் இதே வைத்தியம்தான். அது இடையில் வேறு கணினியில் செருகப்பட்டிருந்தால் அந்தக் கணினியையும் பார்க்க வேண்டும்.

கோவை வாசகி

ஐயா, உங்களுக்கு வந்த வைரஸ் கோப்புகளை மறைத்து வைத்ததோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படி நிற்கவில்லை. அதை நான் எழுதுவது உங்கள் நாட்டுப்புறப் பாடல்களை நினைத்துத்தான்.

2020-இல் ஊரடங்கின்போது, குழந்தையின் பிறந்தநாள் படங்களை ஆல்பமாக வடிவமைக்க வேண்டும் என்று, விலை கொடுத்து வாங்க வேண்டிய ஒரு மென்பொருளின் 'கிராக்' வடிவத்தை, அதாவது பணம் கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியை, உறவுக்காரப் பையன் ஓர் இணையதளத்திலிருந்து இறக்கித் தந்தான். அதனோடு இருந்த குறிப்பில், ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும் என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியே எங்களை எச்சரித்திருக்க வேண்டும். கிராக் என்றால் ஆன்டிவைரஸ் தவறாகத்தான் பிடிக்கும் என்று எல்லோரும் சொல்வதை நம்பி அணைத்தோம். நிறுவியதும் விண்டோஸ் அப்டேட் நடப்பது போன்ற ஒரு திரை வந்தது. நாங்கள் காத்திருந்தோம். அந்த நேரத்தில்தான் அது எங்கள் படங்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னும் பொருளில்லாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு குறிப்பு: கோப்புகளைத் திறக்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதியாக 490 டாலர். ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் அழைக்கப்படும் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) குடும்பம் அது. கிராக் மென்பொருள்கள் வழியாக வீட்டுக் கணினிகளையே குறிவைத்துப் பரவியது. நாங்கள் பணம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் திறந்திருக்குமா என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இதில் மிகக் கொடுமை எது தெரியுமா? எங்களிடம் பேக்கப் இருந்தது. ஒரு டிபி வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து வைத்திருந்தோம். ஆனால் அதை எப்போதும் கணினியிலேயே செருகி வைத்திருந்தோம். டி டிரைவைப் பூட்டியது போலவே அதையும் பூட்டிவிட்டது. என் மாமியார் கடைசியாக எங்களோடு இருந்த பொங்கலின் படங்கள் அப்படித்தான் போயின. திருமணப் படங்கள் தப்பியது, ஸ்டூடியோவில் தந்த டிவிடிகள் பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்ததால் மட்டுமே.

கொஞ்சம் மீட்டதையும் சொல்ல வேண்டும். இந்த வகை ரான்சம்வேர், வேகத்துக்காக, ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவை மட்டுமே பூட்டுகிறது. ஆகவே பெரிய வீடியோக்களில் சிலவற்றைப் பழுதுநீக்கும் கருவிகளால் சரிசெய்ய முடிந்தது. மேலும், பூட்டும் நேரத்தில் அதனால் தன் சர்வரைத் தொடர்பு கொள்ள முடியாமல் போனால் தன்னிடமே உள்ள பொதுச் சாவியைப் பயன்படுத்தும். அப்படிப் பூட்டிய கோப்புகளுக்குச் சாவி பின்னாளில் கிடைக்க வாய்ப்பு உண்டு. 'நோ மோர் ரான்சம்' என்ற பெயரில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் பிறரும் 2016-இல் தொடங்கிய தளத்தில் இத்தகைய திறப்புக் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எனவே பூட்டிய கோப்புகளை யாரும் அவசரப்பட்டு அழித்துவிட வேண்டாம். தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.

அதோடு அது முடியவில்லை. இந்த ரான்சம்வேர் வரும்போது கடவுச்சொற்களைத் திருடும் நிரல் ஒன்றையும் பெரும்பாலும் உடன் அழைத்து வரும். பிரவுசரில் சேமித்து வைத்திருந்த என் மின்னஞ்சல் கணக்கில் யாரோ நுழைய முயன்றார்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன்; நோயுற்ற கணினியிலிருந்தே மாற்றியிருந்தால் புதியதும் களவு போயிருக்கும்.

இப்போது எங்கள் வழக்கம் இது. வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் செருகுவோம், நகலெடுத்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவோம். இன்னொரு டிஸ்க் அக்கா வீட்டில் இருக்கிறது. அவர்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் மாற்றிக்கொள்வோம். ஐயா, நீங்கள் ஆன்டிவைரஸுக்கு என்று ஒதுக்கும் பணத்தில் முதலில் ஒரு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். ஆனால் கணினி சுத்தமாவதற்கு முன் அதைச் செருகிவிடாதீர்கள்.

காஞ்சிபுரம் பயனர்

சகோதரி சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும் நான் ஆண்டுதோறும் பணம் கட்டித்தான் ஆன்டிவைரஸ் வைத்திருக்கிறேன். இதுவரை எந்தத் தொல்லையும் வந்ததில்லை. விண்டோஸோடு இலவசமாக வருவதை மட்டும் நம்பி எப்படி இருப்பது? பாதுகாப்புக்கு இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டால் என்ன?

மதுரை சர்வீஸ் நண்பர்

கட்டண ஆன்டிவைரஸ் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்; பிள்ளைகளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவது போன்ற கூடுதல் வசதிகள் தேவைப்படுவோருக்கு அது பயன்படும். ஆனால் இரண்டை ஒரே நேரத்தில் இயக்காதீர்கள். இரண்டும் ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது குறுக்கே நின்று சோதிப்பதால் ஒன்றோடொன்று மோதும், கணினி நகராது. அதனால்தான் வேறொரு ஆன்டிவைரஸ் நிறுவப்பட்டதும் விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் தானாக ஒதுங்கிக்கொள்கிறது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: கணினியோடு இலவசமாக வந்த ஆன்டிவைரஸின் காலம் முடிந்த பிறகும் அது அப்படியே கிடக்கும், டிஃபெண்டரும் திரும்பி வந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. என்னிடம் வரும் கணினிகளில் நான் முதலில் பார்ப்பதே இதைத்தான். புதுப்பிக்க எண்ணமில்லை என்றால் அதை முழுமையாக நீக்கிவிடுங்கள்.

சென்னை நெட்வொர்க் பணியாளர்

ஆசிரியர் ஐயாவின் மூன்றாவது கேள்விக்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது உண்மை. விண்டோஸ் 11-க்குப் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலி வேண்டும் என்பதால் உங்கள் கணினிக்கு அது முறைப்படி கிடைக்காது. ஆனாலும் கணினியைத் தூக்கிப் போட வேண்டிய அவசரம் இல்லை. வீட்டுப் பயனாளர்களுக்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 அக்டோபர் 13 வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் அதில் சேர்வதற்கான இணைப்பு இருக்கும். உங்கள் விண்டோஸ் 10, 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைப்புகளை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணமின்றியே சேரலாம்.

டிஃபெண்டருக்கான வைரஸ் விவரங்கள் 2028 அக்டோபர் வரை விண்டோஸ் 10-க்கு வரும். அதனால் மற்ற அப்டேட்டுகள் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. ஆன்டிவைரஸ் தெரிந்த திருடனை அடையாளம் காட்டும். அப்டேட்தான் உடைந்த கதவைச் சரிசெய்யும். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவி, இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்ததே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் நாளே வெளியாகிவிட்டது. யாரும் எந்தக் கோப்பையும் சொடுக்காமலேயே அது ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தாவியது. இப்படிப்பட்ட வைரஸின் முன் நம் எச்சரிக்கை மட்டும் போதாது.

நீட்டிப்புக் காலமும் முடிந்த பிறகு இதே கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை நிறுவிக்கொள்வது நல்ல வழி. தமிழில் தட்டச்சிடவும், படங்கள் பார்க்கவும், இணையத்துக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் உங்கள் பாடல்கள் பழைய தமிழ் எழுத்துரு முறையில் தட்டச்சானவை என்றால், மாறுவதற்கு முன் அவற்றை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னும் மூன்று அமைப்புகளை மாற்றச் சொல்வேன். விண்டோஸ் இன்றும் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்தே காட்டுகிறது. 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' வைரஸ் மின்னஞ்சலில் வந்தபோது, இணைப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி' என்று முடிவது போலத் தெரிந்ததால் எழுத்துக் கோப்புதானே என்று நம்பித் திறந்தார்கள். அதற்கும் பின்னால் 'விபிஎஸ்' என்ற ஸ்கிரிப்டின் அடையாளம் மறைந்திருந்தது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கல்யாணப் பத்திரிகை என்று வரும் கோப்பு உண்மையில் 'பிடிஎஃப்' தானா 'இஎக்ஸ்இ'யா என்பது கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது, அன்றாட வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்கிப் பயன்படுத்துங்கள். எதையேனும் நிறுவும்போது கணினி கடவுச்சொல் கேட்கும், அந்த ஒரு நொடி யோசிக்க இடம் தரும். மூன்றாவது, விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்' பகுதியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று ஒன்று இருக்கிறது. அது இயல்பாக அணைந்தே இருக்கும். அதை இயக்கி, உங்கள் பாடல்கள் உள்ள ஃபோல்டரைச் சேர்த்துவிட்டால், அனுமதி பெறாத நிரல்களால் அங்கே எதையும் மாற்ற முடியாது. சில நல்ல மென்பொருள்களையும் அது தடுக்கும். அவற்றுக்கு நீங்களே அனுமதி கொடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஓய்வு பெற்றவர்களே இதில் அதிகம் அகப்படுகிறார்கள். திடீரெனத் திரை முழுவதும் சிவப்பாகி, உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று ஒலியோடு அறிவிப்பு வந்தால் அது வெறும் இணையப் பக்கம். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, பிரவுசரை மூடிவிடுங்கள். மூட முடியவில்லை என்றால் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏற்கெனவே அழைத்துப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

பாளை ஓய்வாசிரியர்

பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மதுரை நண்பர் சொன்ன வரிசையிலேயே செய்தேன். ஃபுல் ஸ்கேன் முடிய நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டைப் பிடித்து நீக்கியது. ஆஃப்லைன் ஸ்கேனில் இன்னொன்று கிடைத்தது. அவர் குறிப்பிட்ட அந்தப் பெயரில்லாத ஃபோல்டர் என் பென் டிரைவில் இருந்தது. திறந்ததும் சான்றிதழ் உட்பட எல்லாம் உள்ளே இருந்தன. மகளின் பென் டிரைவும் சரியாகிவிட்டது. அவள் அதை அலுவலகத்தில் செருகவில்லை என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

கணினி சுத்தமான பிறகு, கோவை சகோதரி சொன்னபடி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கினேன். முதலில் பாடல்களைத்தான் நகலெடுத்தேன். ஒரு பிரதியை மகள் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றிருக்கிறாள். விண்டோஸ் நீட்டிப்பிலும் சேர்ந்துவிட்டேன்.

இனியும் அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகத்தான் வேண்டியிருக்கும். அதற்கு மட்டும் ஏதேனும் வழி உண்டா?

மதுரை சர்வீஸ் நண்பர்

ஐயா, கோப்புகள் கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி. அச்செடுக்க வேண்டிய பிடிஎஃப்பைக் கடையின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுவதே எளிது. எடுத்து முடித்ததும் அதை அங்கே அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் மின்னஞ்சலை அவர்கள் கணினியில் திறக்க வேண்டாம். பென் டிரைவ்தான் வேண்டும் என்றால், சிறிய கொள்ளளவில் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி, அன்றைய கோப்பை மட்டும் அதில் வைத்துக் கொண்டு போய், திரும்பியதும் திறக்காமலேயே ஃபார்மட் செய்துவிடுங்கள்.

வீட்டில் பழைய கேமராவின் எஸ்டி கார்டு இருந்தால் அது இன்னும் நல்லது. அதன் இடது ஓரத்தில் நகத்தால் நகர்த்தக்கூடிய சிறு பூட்டு ஒன்று இருக்கும். கோப்பை வைத்த பிறகு அதைக் கீழே தள்ளிவிட்டு, யுஎஸ்பி ரீடரில் செருகிக் கொடுத்தால், பெரும்பாலான ரீடர்களில் அதிலிருந்து படிக்க மட்டுமே முடியும்; கடைக் கணினியில் என்ன இருந்தாலும் அது கார்டில் எழுத முடியாது. முதல் முறை வீட்டிலேயே பூட்டைப் போட்டு, ஏதேனும் ஒரு கோப்பை அதில் நகலெடுக்க முயன்று, மறுக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொண்டு போங்கள்.